விடையும் திரளும்

ஞாயிற்றுக்கிழமை காலையில், ‘மாஸுக்கு நேரமாகிவிட்டது’ என்று தாய் பிள்ளைகளை விரைவுபடுத்துகிறார். அன்று மாலை அதே இல்லத்தில், புதிதாக வந்த திரைப்படத்தின் நாயகனை ‘மாஸ்’ என்று மூத்த மகன் வியந்து பேசுகிறான். இளையவன் திறந்து வைத்திருக்கும் ஆங்கில வழி இயற்பியல் நூலிலும் ‘மாஸ்’ என்ற சொல்லே நிற்கிறது. எழுத்திலும் ஒலியிலும் இம்மூன்றும் ஒன்றுபோல் தோன்றினும் இவை ஒரே சொல் அல்ல. வெவ்வேறு ஊற்றுகளில் பிறந்து, ஆங்கிலத்தில் ஓர் உருவத்தை அடைந்த இரு சொற்கள் இங்கே உள்ளன. அவற்றைப் பிரித்தறிவது மொழிநூலாருக்கு மட்டுமே உரிய வேலை என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளும் பழக்கம், வழிபாட்டைப் பற்றிய நம் எண்ணத்தையே மெல்ல மாற்றி வருகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வழிபாட்டைக் குறிக்கும் ‘மாஸ்’ இலத்தீன் மொழியின் ‘மிஸ்ஸா’விலிருந்து வந்தது. ‘அனுப்புதல்’ எனப் பொருள்படும் ‘மித்தெரே’ என்னும் வினையின் வழியே பிறந்த பெயர் அது. பிற்கால இலத்தீனில் அதற்கு ‘விடை கொடுத்தல்’ என்பதே பொருள். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்குத் திருப்பயணம் சென்ற எகேரியா என்னும் பெண்மணி, வழிபாடுகளின் முடிவில் மக்கள் விடைபெறுவதைத் தம் பயணக் குறிப்புகளில் இச்சொல்லால் குறிக்கிறார். ஏறத்தாழ 500-ஆம் ஆண்டளவில் வியன் நகர ஆயர் அவித்துஸ், கோவில்களில் மட்டுமன்றி அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் கூட்டம் கலையும்போது இச்சொல்லே அறிவிக்கப்படுவதாக எழுதினார். புனித ஆசீர்வாதப்பரின் சபைச் சட்டநூலோ செப வேளைகளின் முடிவையும் இச்சொல்லாலேயே சுட்டுகிறது.

தொடக்கத் திருச்சபையில் விடை கொடுத்தல் இருமுறை நிகழ்ந்தது. மறையுரைக்குப் பின், திருமுழுக்குப் பெறக் காத்திருந்தோர் வெளியே அனுப்பப்பட்டனர். நற்கருணைப் பலி முடிந்தபின், திருமுழுக்குப் பெற்றோர் அனுப்பப்பட்டனர். இப்படித்தான் இறுதியில் ஒலித்த ஒரு சொல் வழிபாடு முழுமைக்கும் பெயராயிற்று. இது வியப்பிற்குரிய செய்தி அன்றோ? ‘அப்பம் பிட்குதல்’ என்றும் ‘நன்றி செலுத்துதல்’ என்றும் தொடக்கக் கிறிஸ்தவர்கள் வழங்கிய பெயர்கள் இருக்க, மேலைத் திருச்சபையின் மக்கள் நாவில் நிலைத்தது வாயிற்படியைக் கடந்து வெளியேறுவதைச் சுட்டும் பெயர்.

இவ்விடத்தில் மறையுரைகளில் அடிக்கடி கேட்கும் இரு விளக்கங்களைச் சற்று ஆராய்ந்து பார்க்க வேண்டும். பதினாறாம் நூற்றாண்டின் அறிஞர் சிலர் இச்சொல் ‘காணிக்கை’ என்னும் பொருளுடைய எபிரேயச் சொல்லிலிருந்து வந்தது என்றனர். ஒலி ஒத்திருப்பது தவிர அதற்குச் சான்று இல்லை. இன்று மொழிநூலார் அதனை ஏற்பதில்லை. மற்றொரு விளக்கம் இன்னும் பரவலானது. ‘மிஸ்ஸா என்றால் மறைபரப்புப் பணிக்கு அனுப்புதல், தொடக்கம் முதலே அதுதான் பொருள்’ என்பது. இதில் பாதிதான் உண்மை. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007-ஆம் ஆண்டு நற்கருணை குறித்து வெளியிட்ட மடலில் இதனை நேர்மையாக வகுத்துக் காட்டினார். பண்டைய வழக்கில் அச்சொல் வெறும் விடைகொடுத்தலையே குறித்தது என்றும், கிறிஸ்தவ வாழ்வில் அது படிப்படியாக ஆழம் பெற்று, பணிக்கு அனுப்பப்படுதலைச் சுட்டலாயிற்று என்றும் அவர் விளக்கினார். அடுத்த ஆண்டில் அவரே, நற்செய்தியை அறிவிக்கவும் வாழ்வால் ஆண்டவரை மாட்சிப்படுத்தவும் மக்களை அனுப்பும் புதிய விடை வாய்பாடுகளுக்கு ஒப்புதல் அளித்தார். சொல் பிறந்தபோதே இருந்த பொருள் வேறு. நம்பிக்கை வாழ்வு அதற்குச் சேர்த்த பொருள் வேறு. பின்னது முன்னதைவிடத் தாழ்ந்ததன்று. ஆனால் பின்னதை முன்னதாகக் காட்டுவது மறையுரைக்கு அழகன்று.

இச்சொல்லின் உறவினர் பலர். மிஷன், மெசேஜ், பிராமிஸ் ஆகியவை எல்லாம் ‘மித்தெரே’யின் வழிவந்தவை. எறிந்து அனுப்பப்படும் ‘மிசைல்’ என்னும் ஏவுகணையும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. நம் ஊர்களில் உணவகப் பலகைகளில் நாம் காணும் ‘மெஸ்’கூட இக்குடும்பத்தின் பிள்ளை, பந்திக்கு அனுப்பப்பட்ட உணவு வகையைக் குறித்த இலத்தீன் சொல், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற்கு வந்து, பின்னர் உண்ணுமிடத்திற்குப் பெயராயிற்று. ஆக, கோவிலின் மாஸும் தெருவோர மெஸ்ஸும் உடன்பிறந்தவை. கோவிலின் மாஸுக்கும் இயற்பியலின் மாஸுக்குமோ உறவு எதுவும் இல்லை.

இயற்பியலின் மாஸ் எங்கிருந்து வந்தது? கிரேக்கத்தில் ‘பிசைதல்’ என்னும் வினையோடு தொடர்புடையது, வாற்கோதுமை அடையைக் குறிக்கும் ‘மாசா’ என்னும் சொல். அது இலத்தீனில் ‘மாஸ்ஸா’ ஆகி, பிசைந்த மாவையும், பின்னர் உருவமற்ற எந்தக் கட்டியையும் குறித்தது. பிரெஞ்சு வழியே ஆங்கிலம் புகுந்து, ‘பெருந்திரள்’ என விரிந்தது. 1687-இல் வெளிவந்த தம் நூலில் நியூட்டன், பொருளின் அளவை இச்சொல்லால் குறித்து அதற்கு அறிவியல் வரையறை தந்தார். தமிழகப் பாடநூல்கள் அதனை ‘நிறை’ என்கின்றன. இலங்கையில் ‘திணிவு’ என்பர்.

ஓசை ஒன்றானாலும் இரண்டின் இயல்புகள் எதிரெதிர். ‘மிஸ்ஸா’வில் ஒருவர் அனுப்புகிறார், மற்றவர் செல்கிறார்; அது ஆள்களுக்கிடையே நிகழும் செயல். ‘மாஸ்ஸா’வில் முகம் இல்லை, பிசைவோரின் கைக்கு இணங்கும் கட்டி மட்டுமே உண்டு.

இவ்விரு சொற்களும் ஒரே வாழ்வில் மோதிக்கொண்ட காலம் ஒன்று இங்கிலாந்தின் வரலாற்றில் உண்டு. 1549-இல் வெளிவந்த ஆங்கிலிக்கப் பொதுச் செப நூல், ஆண்டவரின் திருவிருந்து மக்கள் வழக்கில் ‘மாஸ்’ எனப்படுவதைத் தலைப்பிலேயே ஒப்புக்கொண்டது. மூன்றே ஆண்டுகளில், 1552-ஆம் ஆண்டுப் பதிப்பில் அச்சொல் நீக்கப்பட்டது. 1581-ஆம் ஆண்டுச் சட்டம் பூசை நிறைவேற்றும் குருவுக்கு 200 மார்க்கும், பங்கேற்போருக்கு 100 மார்க்கும் தண்டமாக விதித்ததோடு, இருவருக்கும் ஓராண்டுச் சிறையையும் விதித்தது. யார்க் நகரில் இறைச்சி வணிகர் ஒருவரின் மனைவியான மார்கரெட் கிளித்தரோ, மறைந்து வாழ்ந்த குருக்களுக்குத் தம் இல்லத்தில் இடமளித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டார். நீதிமன்றத்தில் அவர் தம் வழக்கிற்கு மறுமொழி கூற மறுத்தார். மறுமொழி கூறாதவர்க்கு அன்றைய சட்டம் வகுத்திருந்த தண்டனை, பாரம் ஏற்றி நசுக்குதல். 1586 மார்ச் 25 அன்று அவர்மேல் ஒரு கதவை வைத்து, அதன்மேல் எடைகளை அடுக்கினர். ‘மாஸ்’ என்னும் வழிபாட்டிற்காக ஒரு பெண் ‘மாஸ்’ என்னும் பாரத்தின் கீழ் உயிர் நீத்தார். 1970-இல் திருத்தந்தை ஆறாம் பவுல், இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் நாற்பது மறைச்சாட்சியருள் ஒருவராக அவரையும் புனிதராக அறிவித்தார். அக்காலத்தில் அச்சொல் எத்துணை விலை உடையதாய் இருந்தது என்பதை நினைவிற்கொண்டே, இன்றைய வழக்கை எடைபோட வேண்டும்.

‘மாஸ்ஸா’ மனிதர்மேல் ஏற்றப்பட்டபோதுதான் உண்மையான இடர் தொடங்கிற்று. தொழிற்புரட்சிக்குப் பிந்தைய ஐரோப்பாவில் ஏழை உழைப்பாளர் ‘மாஸஸ்’ ஆயினர். அதனைத் தொடர்ந்து வெகுசன உற்பத்தி, வெகுசன ஊடகம், வெகுசன அரசியல் என்னும் தொடர்கள் பிறந்தன. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1944-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு வானொலி உரையில், மக்களினம் வேறு, திரள் வேறு என்று வகுத்துரைத்தார். மக்களினம் தன் உள்ளுயிரால் இயங்குவது. திரளோ பிறர் அசைத்தால் மட்டுமே அசைவது. பாசிசத்தின் இடிபாடுகள் நடுவே அவர் இதனைச் சொன்னார் என்பதை மறத்தலாகாது. திரள் என்பது மக்களின் இயல்பன்று, மக்களை அப்படிக் காண்போரின் பார்வை என்று ஆங்கிலத் திறனாய்வாளர் ரேமண்ட் வில்லியம்ஸ் 1958-இல் வாதிட்டார். சமயத் தலைவரும் இடதுசாரிச் சிந்தனையாளரும் வெவ்வேறு வழிகளில் வந்து ஓரிடத்தில் சந்தித்தது கருதத்தக்கது. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1963-ஆம் ஆண்டு ஆணையில் ‘சமூகத் தொடர்புக் கருவிகள்’ என்னும் பெயரையே ஆண்டது. திரள் என்ற சொல் இல்லாத அப்பெயரில், கேட்போரும் ஆள்களே என்னும் மதிப்பு தெரிகிறது.

தமிழ்த் திரையுலகில் ‘மாஸ்’ இன்று புகழ்ச்சிச் சொல். திரளை எழுப்பி ஆர்ப்பரிக்கச் செய்யும் ஆற்றலே அதன் பொருள். 2015-இல் வந்த ஒரு படம் அப்பெயரை விடுத்து, ‘மாசு என்கிற மாசிலாமணி’ என்று பெயர் பூண்டது. ஆங்கில ஒலி தமிழ்ச் செவியில் ‘மாசு’ ஆயிற்று. இளையோரின் இச்சொல்லாடலை நான் பழிக்கவில்லை. சொற்கள் இடம்பெயர்வது இயற்கை. என் கவலை வேறு. நாமும் நம் வழிபாட்டை இரண்டாம் சொல்லின் அளவுகோலால் அளக்கத் தொடங்கியிருக்கிறோம். திருவிழாத் திருப்பலிக்கு எத்தனை ஆயிரம் பேர் வந்தனர் என்று பெருமையோடு கேட்கிறோம். எத்தனை பேர் எதற்காக வெளியே சென்றனர் என்று கேட்பதில்லை. ஒலிபெருக்கியும் வாணவேடிக்கையும் கூட்டத்தைப் பெருக்குகின்றன. கோவில் நிறைந்ததே பலி நிறைவேறியதற்குச் சான்று என்று எண்ணிவிடுகிறோம். மிஸ்ஸாவை மாஸ்ஸா விழுங்கி வருகிறது.

சொல் தவறாக ஒலிப்பதால் வரும் கேட்டைத் தமிழ்த் திருச்சபை முன்பே கண்டிருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசிய வழி வந்த ‘மிஸ்ஸா’, தமிழில் ‘மீசை’ என்று வழங்கிற்று. கேட்ட தமிழர் முகத்து மயிரை நினைத்ததில் வியப்பில்லை. 1606-இல் மதுரை வந்த இராபர்ட் தெ நொபிலி, ‘பூசை’ என்னும் சொல்லை வழக்கிற்குக் கொணர்ந்தார். இன்று ‘திருப்பலி’ என்கிறோம். இப்பெயர்கள் பீடத்தில் நிகழ்வதைக் காட்டுகின்றன. வாயிலில் நிகழ்வதைக் காட்டுவதில்லை. அக்குறையை நம் விடைபெறும் வழக்கம் ஓரளவு ஈடுசெய்கிறது. தமிழர் எவரையும் ‘போ’ என்று அனுப்புவதில்லை. ‘போய் வா’ என்றே அனுப்புகிறோம். செல்லுதலிலேயே திரும்பி வருதலும் அடங்கிவிடுகிறது.

இரு சொற்களையும் இணைக்க வழியே இல்லையா? பழைய ஆங்கிலத்தில் ஓர் இணைப்பு இருந்தது. ஆகஸ்ட் முதல் நாளில் புதுக் கோதுமையின் அப்பத்தைக் கோவிலுக்குக் கொணர்ந்த விழாவை ‘அப்ப மாஸ்’ என்னும் பொருளில் ‘லாமஸ்’ என்றனர். ஆனால் அங்கும் பிணைத்தது அறுவடைதான், சொற்பிறப்பு அன்று. உண்மையான இணைப்பை நற்செய்தி தருகிறது. மூன்று மரக்கால் மாவில் பெண் ஒருவர் கலந்த புளிப்பு மாவை இயேசு விண்ணரசுக்கு ஒப்பிட்டார். சிறிதளவு புளிப்பு பிசைந்த மாவு முழுவதையும் மாற்றிவிடும் என்று பவுல் கொரிந்தியரை எச்சரித்தார். இலத்தீன் விவிலியத்தில் அங்கே நிற்கும் சொல் ‘மாஸ்ஸா’வே. மாவு தானாக எதையும் தேர்வதில்லை. நல்ல புளிப்பு இட்டால் அப்பமாகும். தீய புளிப்பு இட்டால் கெடும். வெறுப்பைப் புளிப்பாக இடுவோர் எந்நாளும் உள்ளனர். எனவே அனுப்பப்படுவோர் செல்ல வேண்டிய இடம் அந்த மாவேயாகும். திரளோடு திரளாய்க் கரைந்துபோக அன்று, அதனுள் புளிப்பாய் இருக்க.

‘மிஸ்ஸா’வுக்கு நேரான தமிழ்ச் சொல் ‘விடை’. விடு என்னும் வினையடியில் பிறந்த அச்சொல்லுக்குப் போக இசைவு என்றும் பொருள். கேட்ட வினாவிற்கு மறுமொழி என்றும் பொருள். ஆங்கிலத்தின் இரு மாஸ்களைப் போல் இவை ஒலியால் மட்டும் ஒன்றுபட்டவை அல்ல. ஒரு வேரின் இரு கிளைகள். குருவானவர் பீடத்தில் நின்று நமக்கு விடை கொடுக்கிறார். நாம் கோவில் வாயிலைக் கடந்து தெருவிலும் பணியிடத்திலும் கொடுக்க வேண்டிய விடை இன்னும் எஞ்சி நிற்கிறது.