பாம்புக்கு யார் வாத்தியார்?

காட்டுயிர்ப் பாதுகாப்பைச் சொல்லித் தருகிறவர்களைப் பற்றிய அறிமுகக் குறிப்புகளைத் தேடித் தேடி வாசிப்பவன் நான். பெரும்பாலும் ஒரே வார்ப்பு: என்ன படித்தார், எங்கே ஆய்வு செய்தார், என்ன விருது வாங்கினார். எங்க துறையில் வேலைக்கு அனுப்பும் பயோடேட்டா மாதிரியே இருக்கும். இந்த வார்ப்பில் எது விடுபட்டுப் போகிறது என்பதற்கு நம்மூர்ப் பாம்புகளே நல்ல உதாரணம்.

ரோமுலஸ் விட்டேகரை எடுத்துக்கொள்வோம். 1943-ல் நியூயார்க்கில் பிறந்தவர். சின்ன வயசிலேயே இந்தியா வந்து கொடைக்கானலில் பள்ளிப் படிப்பு. அமெரிக்காவில் கல்லூரியில் சேர்ந்து பாதியில் விட்டார். மயாமியில் பில் ஹாஸ்டின் பாம்புக் காட்சியகத்தில் வேலை பார்த்தார். பிறகு கிண்டி பாம்புப் பண்ணை, 1976-ல் முதலைப் பண்ணை, 1978-ல் இந்தியப் பாம்புகள் பற்றிய கையேடு. பட்டத்தை வைத்து அளந்தால் இவரே வடிகட்டலில் போயிருப்பார். ஆனால் அவர் வெள்ளைக்காரர், ஆங்கிலத்தில் எழுதுகிறவர். கதை சொல்ல வசதியாக இருக்கிறது. அதனால் தப்பித்தார்.

அவர் யாரிடம் கற்றார் என்பதுதான் என் கேள்வி. இருளர்களிடம் நிறையக் கற்றதாக அவரே சொல்லியிருக்கிறார். பாம்புத் தோல் ஏற்றுமதி 1976-ல் தடைசெய்யப்பட்டதும் பிழைப்பு போன அந்த மக்களுக்காக 1978-ல் கூட்டுறவுச் சங்கம் உருவாக அவர் துணை நின்றார். என்னைப் பொறுத்தவரை, அவர் எழுதிய எந்தப் புத்தகத்தையும்விட இதுதான் பெரிய பாடம். பாம்பைக் கொன்று தோலை விற்ற அதே அறிவு, விஷத்தை எடுத்துவிட்டுப் பாம்பைத் திரும்பக் காட்டில் விடுகிற வேலையானது.

சரி, குறை எங்கே? வடநெம்மேலியில் பார்வையாளர்கள் முன் மண்பானையிலிருந்து பாம்பை எடுத்து விஷம் எடுத்துக் காட்டுகிறார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிரித்தறிய இது நல்ல வகுப்புதான். ஆனால் அந்தப் பாம்பு எப்படிக் கிடைத்தது? மண்ணில் லேசான தடம், வளை வாயில் உரிந்த சட்டை, எச்சம் இவற்றை வைத்து உள்ளே இருப்பது எது என்று கணிப்பதுதான் அசல் பாடம். அது மேடையில் இல்லை. அவுட்புட் தெரிகிறது, லாஜிக் தெரிவதில்லை. பார்த்துவிட்டு வருகிறவர் மனசில் 'தைரியசாலி' என்ற எண்ணம் மிஞ்சும். 'அறிஞர்' என்ற எண்ணம் வருமா?

அறிவு இருக்கிறதா என்ற சந்தேகமே வேண்டாம். மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-ல் ஃபுளோரிடா போய், பழக்கமே இல்லாத சதுப்பு நிலத்தில், இரண்டு வாரத்துக்குள் 13 பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க வழிகாட்டினார்கள். விட்டேகருக்கு 2018-லும் இவர்களுக்கு 2023-லும் பத்மஸ்ரீ கிடைத்தது. விருதில் சமமாகிவிட்டார்கள். ஆனாலும் செய்திகளில் அவர் 'பாதுகாவலர்', இவர்கள் 'பாம்பு பிடிப்பவர்கள்'.

இது வெறும் சொல் பிரச்சினை இல்லீங்க. இந்த அறிவு ஏட்டில் இல்லை. பெரியவர் பின்னால் வயல்வரப்பில் நடந்துதான் பிள்ளைகள் கற்கிறார்கள். நடக்கிறது நின்றால் பள்ளிக்கூடமே மூடின மாதிரி. பார்வையாளர்களைப் பத்துப் பேராகப் பிரித்து, ஓர் இருளர் பெரியவரோடு ஒரு மணி நேரம் வரப்பில் நடக்க விடலாம். அதற்கு அவருக்கு ஆசிரியர் சம்பளம் கொடுக்கணும், பெயர்ப் பலகையில் 'ஆசிரியர்' என்றே எழுதணும்.