ஆலோசகர் பயிற்சியில் மனவிழிப்பும் சிகிச்சை உறவும்: சான்றுகள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

உளநல ஆலோசகர்களை உருவாக்கும் பட்டப்படிப்புகளில் மனவிழிப்புப் பயிற்சி இடம்பெற்று வருகிறது. அப்பயிற்சி ஆலோசகருக்கும் அவரை நாடி வருபவருக்கும் இடையிலான சிகிச்சை உறவை வளர்க்கும் என்பது அதற்குக் கூறப்படும் காரணங்களுள் முதன்மையானது. இக்கூற்றோடு தொடர்புடைய நான்கு ஆய்வுகளை இக்கட்டுரை திறனாய்வு நோக்கில் அணுகுகிறது. உறவு என்பது இருவருக்கிடையே நிகழ்வது; ஆயினும் இவற்றுள் மூன்று ஆய்வுகள் பயிற்சி பெறுபவரின் கூற்றை மட்டுமே சான்றாகக் கொண்டுள்ளன. நாடி வந்தவரிடம் கேட்ட ஓர் ஆய்வில், உறவு குறித்த அளவுகோலில் வேறுபாடு வெளிப்படவில்லை. எனவே மனவிழிப்புப் பயிற்சியை உறவுப் பயிற்சிக்கு மாற்றாகக் கொள்ளுதல் பொருந்தாது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

முதன்மைச் சொற்கள்: மனவிழிப்பு, சிகிச்சை உறவு, ஆலோசகர் கல்வி, ஒத்துணர்வு, தன்மதிப்பீடு.

முன்னுரை

ஒருவர் தம் துயரைச் சொல்ல, மற்றொருவர் அதனைச் செவிமடுத்தல் உளநல ஆலோசனையின் அடிப்படையாகும். அவ்வாறு கேட்கும் திறனைக் கற்பிக்க இயலுமா, இயலுமெனில் எவ்வழியில் என்பது ஆலோசகர் கல்வியின் நெடுநாள் வினா. கடந்த கால் நூற்றாண்டில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் இவ்வினாவிற்குத் தரப்பட்ட விடைகளுள் ஒன்று மனவிழிப்புப் பயிற்சி. மூச்சின்மீதும் உடலுணர்வின்மீதும் கவனத்தை நிறுத்தப் பழகிய மாணவர், எதிரில் அமர்ந்திருப்பவர் மீதும் அவ்வாறே கவனம் கொள்வார் என்பது இவ்விடையின் உட்கிடை. ஸ்டீவன் ஹிக், தாமஸ் பியன் ஆகியோர் பதிப்பித்து 2008-இல் வெளிவந்த தொகுப்பு நூலொன்று இவ்விரண்டின் தொடர்பைத் தலைப்பிலேயே சுட்டியது. இவ்வுட்கிடை ஏற்புடையதாகத் தோன்றினும், எத்தகைய சான்றுகளின்மேல் அது நிற்கிறது என்பது ஆராயத்தக்கது.

சொல்லும் பொருளும்

'மைண்ட்ஃபுல்னஸ்' என்னும் ஆங்கிலச் சொல் பாலி மொழியின் 'சதி' என்பதற்கு நிகராக டி. டபிள்யூ. ரைஸ் டேவிட்ஸ் 1881-இல் ஆண்ட சொல். இலங்கையின் ஆட்சிப் பணியில் இருந்த காலத்தில் பாலி மொழியோடு தொடர்பு கொண்டவர் அவர். 'சதி' என்பதன் வேர்ப்பொருள் நினைவு. 1979-இல் ஜான் கபட்-ஸின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய மனஅழுத்தக் குறைப்புத் திட்டம் எட்டு வாரப் பயிற்சியாக வடிவம் பெற்றது. அதன் வழியே பரவிய பொருளில் நினைவு என்னும் கூறு பின்தங்கியது. நிகழ்கணத்தை மதிப்பீடின்றி நோக்குதல் என்பதே முன்னிலை பெற்றது.

தமிழில் இதற்கு 'நினைவாற்றல்' என வழங்கும் மொழிபெயர்ப்பு, மனப்பாடத் திறனையே பெரிதும் குறிப்பதால் குழப்பம் தருகிறது. 'விழிப்புணர்வு' என்பது பொதுமக்களுக்கான பரப்புரைகளோடு பிணைந்துவிட்டது. ஆகவே இக்கட்டுரை 'மனவிழிப்பு' என்னும் சொல்லை ஆள்கிறது. எனினும் நினைவு என்னும் பழம்பொருளை முற்றிலும் கைவிடுதல் தகாது. இறையனார் களவியல் உரை தலைமகனுக்குரிய பண்புகளாக அறிவு, நிறை, ஓர்ப்பு, கடைப்பிடி ஆகிய நான்கினைச் சுட்டுகிறது. இவற்றுள் கடைப்பிடி என்பது உளங்கொண்ட ஒன்றை மறவாதிருத்தலைக் குறிக்கும். சென்ற வாரம் நாடி வந்தவர் சொல்லத் தயங்கி நிறுத்திய ஒரு தொடரை இவ்வாரமும் மறவாதிருக்கும் ஆலோசகரிடம் இப்பண்பு உண்டு. நிகழ்கணத்தை மட்டும் வலியுறுத்தும் பயிற்சியில் இக்கூறு விடுபட்டுப் போகிறது.

சிகிச்சை உறவு: இருவரின் உடைமை

சிகிச்சை உறவு பற்றிய இன்றைய சிந்தனைக்குக் கார்ல் ரோஜர்ஸ் 1957-இல் வெளியிட்ட கட்டுரை ஓர் அடிப்படை. உள்ளும் புறமும் ஒத்திருத்தல், நிபந்தனையற்ற ஏற்பு, ஒத்துணர்வு என்னும் மூன்றும் அக்கட்டுரையின் சாரமாகப் பாடநூல்களில் பயிற்றப்படுகின்றன. ஆயின் அவர் முன்வைத்த நிபந்தனைகள் ஆறு. ஆறாவது நிபந்தனை, ஆலோசகரின் ஏற்பும் ஒத்துணர்வும் நாடி வந்தவரால் ஓரளவேனும் உணரப்பட வேண்டும் என்பதாகும். ஆலோசகர் உள்ளத்தில் ஒத்துணர்வு நிறைந்திருப்பினும், எதிரில் இருப்பவர் அதனை உணராதவரை ரோஜர்ஸின் நோக்கில் நிபந்தனைகள் நிறைவுறவில்லை.

பிற்கால ஆய்வுகளும் இவ்வழியிலேயே சென்றன. காட்ஃப்ரி பாரட்-லென்னார்ட் 1962-இல் வெளியிட்ட உறவு வினாநிரல், நாடி வருபவரே உறவை மதிப்பிட இடமளித்தது. எட்வர்ட் போர்டின் 1979-இல் சிகிச்சைக் கூட்டுறவை இலக்கு குறித்த உடன்பாடு, பணி குறித்த உடன்பாடு, பிணைப்பு என மூன்றாகப் பகுத்தார். மூன்றுமே இருவரின்றி அமையாதவை. ஆடம் ஹோர்வத், டயான் சைமண்ட்ஸ் ஆகியோர் 1991-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, சிகிச்சையின் விளைவை முன்னறிவதில் சிகிச்சையாளரின் மதிப்பீட்டைவிட நாடி வந்தவரின் மதிப்பீடே மேம்பட்டது எனக் காட்டியது. மனவிழிப்புப் பயிற்சி சிகிச்சை உறவை வளர்க்கிறதா என்னும் வினாவை எவரிடம் கேட்க வேண்டும் என்பது இதனால் தெளிவாகிறது.

பயிற்சி பெறுபவரின் கூற்று

ஷானா ஷப்பீரோ, கிர்க் பிரவுன், ஜினா பீகல் ஆகியோரின் 2007-ஆம் ஆண்டு ஆய்வு, ஆலோசனை உளவியல் மாணவர்கள் எட்டு வாரப் பயிற்சிக்குப் பின் அடைந்த மாற்றங்களை அளந்தது. மனஅழுத்தமும் பதற்றமும் குறைந்தன, தற்பரிவு கூடியது. மாணவர்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை. அளவைகள் அனைத்தும் தன்மதிப்பீடுகள். பயிற்சி பெறுவோரின் தற்காப்பு குறித்த ஆய்வாகவே அது தன்னை முன்வைத்தது. அந்நோக்கில் அது பயனுடையது. அதனை உறவுக்கான சான்றாகக் கொள்ளும்போதுதான் சிக்கல் எழுகிறது.

மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற பாடத்திட்டம் குறித்து மார்க் ஷூர், ஜான் கிறிஸ்டோபர், சூசன் கிறிஸ்டோபர் ஆகியோர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமாக நோக்கத்தக்கது. யோகம், தியானம், சீகோங் ஆகியவற்றைப் பயின்ற 33 மாணவர்களின் எழுத்துகள் நான்கு ஆண்டுக் காலம் திரட்டப்பட்டன. ஆலோசனையின்போது மௌனத்தைப் பதற்றமின்றி ஏற்க முடிகிறது என்பது மாணவர்கள் குறிப்பிட்ட பயன்களுள் ஒன்று. புதிய ஆலோசகர்கள் மௌனத்தை அஞ்சி, வேண்டாத வினாக்களால் அதனை நிரப்புவது பயிற்றுநர்கள் அறிந்ததே. ஆதலின் இம்மாற்றம் சிறிதன்று. ஆயினும் மௌனம் இருவருக்கும் பொதுவானது. ஆலோசகருக்கு அமைதி தரும் ஒரு நிமிடம், இழப்பைச் சொல்லி முடித்தவருக்குச் சிந்திப்பதற்கான இடமாகலாம். கைவிடப்பட்ட உணர்வாகவும் ஆகலாம். இவற்றுள் எது நிகழ்ந்தது என்பதை மாணவரின் குறிப்பேடு சொல்லாது.

பெய்ஜ் கிரீசன், கிரெய்க் கேஷ்வெல் ஆகியோர் 179 பயிற்சி ஆலோசகர்களிடமும் முனைவர் பட்ட மாணவர்களிடமும் நிகழ்த்திய 2009-ஆம் ஆண்டு ஆய்வு, மனவிழிப்புக்கும் ஆலோசகரின் தன்னம்பிக்கைக்கும் தொடர்புண்டு எனக் கண்டது. அத்தொடர்புக்கு இடைநிற்கும் காரணியாக வெளிப்பட்டது கவனம். ஒத்துணர்வு அவ்வாறு வெளிப்படவில்லை. மேலும், தன்னம்பிக்கை என்பது திறனைப் பற்றிய நம்பிக்கையே அன்றித் திறன் அன்று. தாம் நன்கு கேட்பதாக நம்பும் ஆலோசகர், கேட்கப்படவில்லை என்னும் ஏமாற்றத்துடன் ஒருவரை வழியனுப்பக்கூடும்.

நாடி வந்தவரின் கூற்று

இவ்வகையில் லுட்விக் கிரெப்மைரும் அவர்தம் குழுவினரும் ஜெர்மனியில் நிகழ்த்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வு தனித்து நிற்கிறது. பயிற்சியில் இருந்த 18 உளச்சிகிச்சையாளர்கள் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழு ஜென் தியானம் பயின்றது. அவர்களிடம் உள்நோயாளிகளாகச் சிகிச்சை பெற்ற 124 பேரின் நிலை அளக்கப்பட்டது. தியானம் பயின்றோரிடம் சிகிச்சை பெற்றவர்களுக்கு நோய்க்குறிகள் கூடுதலாகக் குறைந்தன. பயிற்சி பெறுபவரின் மனப்பயிற்சி நோயாளியைச் சென்றடையும் என்பதற்கு இது வலுவான சான்று.

எனினும் அவ்வாய்வின் ஒரு பகுதி உரிய கவனத்தைப் பெற வேண்டும். ஒவ்வோர் அமர்வையும் நோயாளிகள் மதிப்பிட்ட வினாநிரலில் தெளிவுபெறல், சிக்கல் தீர்த்தல், உறவு என மூன்று அளவுகோல்கள் இருந்தன. முதல் இரண்டில் தியானக் குழு குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டது. உறவு என்னும் மூன்றாவதில் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. இரு குழுக்களிலும் உறவு தொடக்கம் முதலே நல்ல நிலையில் இருந்திருக்கலாம். 18 பேர் என்னும் சிறு எண்ணிக்கையும் காரணமாகலாம். ஆகவே தியானம் உறவுக்கு உதவாது என இதிலிருந்து முடிவுகட்ட இயலாது. ஆனால் உறவின் வழியேதான் தியானம் பயன் தருகிறது என்னும் கூற்றுக்கும் இவ்வாய்வு சான்றாகாது. பயன் வேறு வழியில் வந்திருத்தல் கூடும். தெளிந்த கவனத்தோடு சிக்கலை நோக்கும் ஆலோசகர், நாடி வந்தவரும் அதனைத் தெளிவாக நோக்க உதவியிருக்கலாம்.

பயிற்சிக்கான உட்பொருள்

இத்திறனாய்வு மனவிழிப்புப் பயிற்சியை மறுக்கவில்லை. பிறர் துயரை நாள்தோறும் கேட்க இருப்பவருக்குத் தம் மனத்தைப் பேணும் வழி தேவை. ஆயின் பாடத்திட்டத்தில் நேரம் அளவுடையது. உறவுத் திறனை வளர்ப்பதாகக் கருதித் தியானத்திற்கு ஒதுக்கப்படும் நேரம், மேற்பார்வையுடன் கூடிய நேரடிப் பயிற்சியிலிருந்து எடுக்கப்படுமாயின், அதன் இழப்பு மாணவருக்கு மட்டும் உரியதன்று. அவரை நம்பி வருபவருக்கும் உரியது.

ரோஜர்ஸ் தம் தொடக்கக் காலத்திலேயே ஆலோசனை அமர்வுகளை ஒலிப்பதிவு செய்து மாணவர்களோடு ஆராய்ந்தார்; முழு அமர்வுத் தொடர் ஒன்றின் எழுத்துவடிவத்தை 1942-இல் நூலில் வெளியிட்டார். தாம் சொன்னதாக ஆலோசகர் நினைப்பதற்கும் உண்மையில் சொன்னதற்கும் உள்ள இடைவெளியை ஒலிப்பதிவு காட்டும். நாடி வந்தவரின் இசைவோடு செய்யப்படும் அத்தகைய பதிவும், அவரே நிரப்பும் உறவு வினாநிரலும், மனவிழிப்புப் பயிற்சியோடு இணைக்கப்படுமாயின் அப்பயிற்சியின் பயனைச் சோதிக்க இயலும். மேலும், தியான அனுபவத்தை மதிப்பெண்ணுக்குரியதாக்கினால் மாணவர் ஆசிரியர் விரும்பும் அமைதியையே எழுதிக்காட்ட நேரும். அத்தகைய எழுத்தை ஆய்வுச் சான்றாகக் கொள்ளும்போது குறைபாடு இரட்டிப்பாகிறது.

முடிவுரை

மனவிழிப்புப் பயிற்சி ஆலோசக மாணவரின் மனஅழுத்தத்தைக் குறைக்கிறது என்பதற்குச் சான்று உண்டு. அதன் பயன் நோயாளியைச் சென்றடையலாம் என்பதற்கும் சான்று உண்டு. சிகிச்சை உறவை அது வளர்க்கிறது என்னும் கூற்றுக்கு, இங்கு ஆராயப்பட்ட நான்கு ஆய்வுகளில் நாடி வந்தவரின் வாக்கிலிருந்து ஆதரவு கிடைக்கவில்லை. ரோஜர்ஸின் ஆறாவது நிபந்தனை இன்னும் விடை வேண்டி நிற்கிறது. தமிழில் உளநல ஆலோசனைக்கான பாடத்திட்டங்களை வகுப்போர் மேலைப் பயிற்சி முறைகளை ஏற்கும்போது, அம்முறைகள் பயிற்சி பெறுபவருக்கு என்ன செய்தன என்பதோடு நில்லாது, எதிரில் அமர்ந்தவர் என்ன உணர்ந்தார் என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.