வைகாசிச் சடங்கும் அதன் அளவுகோலும்

தைப் பொங்கலை அறுவடைத் திருநாள் என்று பாடநூல்கள் எழுதுகின்றன. ஆனால் கிழக்கிலங்கையின் கல்முனைக் கரையில் தை பிறக்கும்போது மாரி வேளாண்மை பெரும்பாலும் வயலிலேயே நிற்கும். ஐப்பசி மழையை நம்பி விதைத்த நெல் மாசி, பங்குனியில்தான் களவெட்டிக்கு வரும். தை முதல் நாளில் நாம் சூரியனுக்குப் பொங்குவது வரப்போகும் விளைச்சலுக்கான வேண்டுதல். விளைந்து முடிந்ததற்கான நன்றி வைகாசியில், கண்ணகி அம்மன் வாசலில் செலுத்தப்படுகிறது. இந்தக் கரையின் அறுவடை விழா எது என்று கேட்டால், வைகாசிச் சடங்கு என்றே நான் தயங்காமல் சொல்வேன்.

மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழர் ‘திருவிழா’ வேறு, ‘சடங்கு’ வேறு என்று பிரித்தே பேசுவார்கள். திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி கோயிலில் நடப்பது திருவிழா. கொடி ஏறும், சுவாமி வீதி வரும், ஆடி அமாவாசையன்று கடலில் தீர்த்தம் நிறைவுறும். காரைதீவிலும் தம்பிலுவிலிலும் கண்ணகிக்கு நடப்பது சடங்கு. அதற்குக் கொடியேற்றம் இல்லை. கதவு திறத்தலே தொடக்கம். வழி காட்டுவது ஆகமம் அல்ல, ஊரில் கைமாறி வந்த பத்ததி. நடத்துபவர் கட்டாடியார் அல்லது கப்புகனார். முருகன் கோயில்களுக்குள்ளும் கூட வேறுபாடு உண்டு. மண்டூரில் கப்புகனார் வாய் கட்டி, மந்திரமின்றிக் கதிர்காம முறையில் பூசை செய்கிறார்.

சடங்கின் நடை நிதானமானது. மரக்கிளையொன்றை வெட்டி வந்து, மணப்பெண் போல அலங்கரித்து, கல்யாணக்காலாக நடுவார்கள். அம்மன் ஊர்காவல் போவாள். பொங்கலுக்கான நெல்லைக் கடையில் வாங்கிய அரிசி ஈடுசெய்யாது. நெல்லுக்குத்துச் சடங்கில் பெண்கள் உரலில் இட்டுக் குத்தியதே பானைக்குப் போகும். இரவுகளில் அம்மனின் கதையைச் சொல்லும் ‘கண்ணகி வழக்குரை’ படிக்கப்படும். மீகாமன் நாகமணி தேடிக் கடலோடும் பகுதி வரும்போது, கடற்கரைச் சனம் தங்கள் வீட்டுச் செய்தி போலக் காது கொடுக்கும். மதுரை எரிந்த பிறகு கதையை அப்படியே விட்டுவிட இந்த மக்களுக்கு மனம் வராது. கடைசி இரவில் குளிர்த்தி பாடி அவள் சினத்தைத் தணித்த பின்னரே கதவு மூடப்படும். கச்சான் காற்று வயலைக் காயவைக்கும் காலம், அம்மை பரவும் காலம் அது. நன்றியும் அச்சமும் ஒரே பானையில் பொங்குகின்றன.

முல்லைத்தீவு வற்றாப்பளையிலும் வைகாசியில்தான் பொங்கல். அங்கே கடல்நீரில் விளக்கெரியும் அற்புதமே பெரும்பேச்சு. நம் பக்கத்தில் அந்த இடம் பாட்டுக்கு. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலின் வழி இன்னொன்று. புரட்டாதியில் பதினெட்டு நாள் பாரதக் கதையே சடங்காகி, வனவாசம், அர்ச்சுனன் தவம் என்று நகர்ந்து தீமிதிப்பில் முடியும்.

கொம்பு விளையாட்டு இதனோடு சேர்ந்தது. ஊர் வடசேரி, தென்சேரி எனக் கோவலன் பக்கமும் கண்ணகி பக்கமுமாகப் பிரியும். இரண்டு கொம்புகளைக் கொளுவி, வடம் கட்டி, ஒன்று முறியும்வரை இழுப்பார்கள். மழை பொய்த்தாலும் நோய் வந்தாலும் அதை நேர்ந்து ஆடினார்கள். சிங்கள மக்கள் பத்தினித் தெய்வத்துக்கு ஆடும் அங்கெலியவும் இதே ஆட்டம்தான். கயவாகு மன்னன் காலத்திலிருந்து பேசப்படும் ஒரு வழிபாடு இரண்டு மொழிகளிலும் ஒரே உருவில் நிற்பதை இதற்கு மேல் நிறுவ வேண்டியதில்லை.

அளவுகோல் என்று வரும்போதுதான் எனக்கு மனவருத்தம். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் கண்ணகி வழிபாட்டைச் சைவத்துக்குப் புறம்பானதென்று கண்டித்தார். அவர் வழிவந்தோர் காலத்தில் அங்குள்ள கண்ணகி கோயில்கள் பல இராஜராஜேஸ்வரி போன்ற பெயர்களுக்கு மாறின. கிழக்கு மாறவில்லை. ஆனாலும் இன்று இங்கும் ஆகம முறையே உயர்ந்தது, பத்ததி தாழ்ந்தது என்ற எண்ணம் மெல்லப் புகுகிறது. இதை நான் ஏற்கவில்லை. பத்ததிக்கு அதற்குரிய கண்டிப்பு உண்டு. வழக்குரை இடைமுறியாமல் படிக்கப்பட்டதா, உடுக்கின் அடி காதைக்கேற்ப மாறியதா, குளிர்த்தி உரிய நேரத்தில் நிறைவுற்றதா என்று முன்வரிசையில் இருக்கும் மூதாட்டியர் கவனிப்பார்கள். ஒரு வரி விடுபட்டால் உடனே தெரியும். இந்தப் பரீட்சையில் தேறுவது எளிதல்ல. விபுலாநந்த அடிகள் 1892இல் பிறந்ததும் இந்தப் பரீட்சை நடக்கும் காரைதீவில்தான். சிலப்பதிகாரத்தின் இசைச் செய்திகளைத் துருவி ஆராய்ந்து, 1947இல் ‘யாழ் நூல்’ தந்தவர் கண்ணகி ஊரின் பிள்ளை என்பது எனக்குத் தற்செயலாகப் படவில்லை.

ஊர் வழக்கைத் தாழ்த்தும் எண்ணத்தின் சோதனை தமிழருக்கு மட்டும் உரியதல்ல. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறிமாறி வருகிற கரை இது. ஒரே வட்டையில் இரு சாராருக்கும் வயல். ஒரே வாய்க்கால் தண்ணீர். தாய்வழிக் குடி முறையும் இருவருக்கும் பொது. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் சாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாக ஆண்டுதோறும் கொடி ஏறுகிறது. மௌலித் ஓதி, கந்தூரிச் சோறு பகிர்ந்து, பன்னிரண்டு நாள் நடக்கும் அந்த விழாவையும் ‘மார்க்கத்தில் இல்லாதது’ என்று ஒதுக்கும் குரல்கள் உண்டு. 2004 டிசம்பர் 26 கடல்கோள் இந்தக் கரையைச் சிதைத்த பிறகும் அங்கே கொடி ஏறியது. ஏடு கற்றவர் வைக்கும் அளவும் ஊர் வைக்கும் அளவும் மோதும்போது, ஊரின் அளவையும் பொருட்படுத்தக் கேட்பது இரு சமூகத்துக்கும் பொருந்துகிற கோரிக்கை.

வி. சீ. கந்தையா 1968இல் ‘கண்ணகி வழக்குரை’யைப் பதிப்பித்ததால் சொல் பிழைத்தது. மெட்டும் உடுக்கடியும் எந்த அச்சிலும் ஏறவில்லை. அவற்றை அறிந்த பெரியவர்கள் ஊருக்கு ஓரிருவரே இருக்கிறார்கள். கோபுரத்துக்கு வண்ணம் பூசத் திரட்டும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, அடுத்த வைகாசிக் கதவு திறக்குமுன் அவர்களிடம் நாலு பிள்ளைகளைப் படிக்க அனுப்புங்கள் என்று ஒவ்வொரு கோயில் பரிபாலன சபையையும் கேட்டுக்கொள்கிறேன்.