ஆன்ஃபீல்டை யாருக்காகப் பெரிசாக்கினார்கள்?

லிவர்பூல் அணியின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் இன்று ஏறக்குறைய 61,000 பேர் உட்கார்ந்து மேட்ச் பார்க்கலாம். 2016 வரை அது 45,000 தான். விஸ்தரிப்பு இரண்டு தவணையாக நடந்தது. முதலில் மெயின் ஸ்டாண்ட், 2016 செப்டம்பரில் திறந்தார்கள். அடுத்தது ஆன்ஃபீல்டு ரோடு பக்கத்து ஸ்டாண்ட், 2024-ல் முழுசாகத் திறந்தது. பழைய மைதானத்தை இடிக்காமல், வேறு இடத்துக்கும் ஓடாமல், இருந்த இடத்திலேயே பதினைந்தாயிரத்துச் சொச்சம் இருக்கைகளைச் சேர்த்தது பெரிய சாதனை என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். வெறும் கட்டட வேலையாகப் பார்த்தால் எனக்கும் அதில் மறுப்பில்லை.

ஆனால் ஒரு பழைய எண் இடிக்கிறது. 1952-ல் வுல்வர்ஹாம்ப்டனுக்கு எதிரான எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்தைப் பார்க்க இதே மைதானத்துக்குள் வந்தவர்கள் 61,905 பேர். இன்றுவரை அதுதான் ஆன்ஃபீல்டின் ரெக்கார்டு. அப்படீன்னா இவ்வளவு இரும்பும் கான்கிரீட்டும் பணமும் கொட்டி, எழுபது வருஷத்துக்கு முந்தைய கூட்டத்தைத்தான் இப்போது கிட்டத்தட்ட எட்டிப் பிடித்திருக்கிறார்கள். அன்றைக்குப் பெரும்பாலோர் நின்று பார்த்தார்கள், இன்றைக்கு எல்லோரும் உட்கார்கிறார்கள். தலை எண்ணிக்கை ஒன்றுதான். ஆகவே "விஸ்தரிப்பு" என்ற வார்த்தையையே கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கணும். பெரிசானது எது?

ரசிகர்கள் இதைப் பற்றி அடித்துக்கொண்டது இன்று நேற்றல்ல. 2000-களின் தொடக்கத்திலேயே பக்கத்தில் இருக்கிற ஸ்டான்லி பார்க்கில் புது ஸ்டேடியம் கட்டுவதாக கிளப் திட்டம் போட்டது. 2007-ல் கிளப்பை வாங்கிய ஹிக்ஸ், ஜில்லெட் என்ற இரண்டு அமெரிக்கர்கள், அறுபது நாளில் மண்வெட்டி மண்ணைத் தொடும் என்றார்கள். அந்த ஸ்டேடியம் எழும்பவே இல்லை. 2010-ல் கிளப் ஃபென்வே ஸ்போர்ட்ஸ் குரூப்பிடம் கைமாறியது. இவர்கள் ஏற்கெனவே பாஸ்டனில் 1912-ல் திறந்த ஃபென்வே பார்க் என்ற பேஸ்பால் மைதானத்தை இடிக்காமல் ஒட்டுப்போட்டுப் பெரிசாக்கியவர்கள். 2012-ல் அதே வழியை ஆன்ஃபீல்டுக்கும் தேர்ந்தெடுத்தார்கள்.

ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். ஒரு கட்சி, இந்த மண்ணை விட்டுப் போகக்கூடாது என்றது. அவர்கள் சொன்ன காரணங்கள் லேசானவை அல்ல. ஒரு கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் இருக்கிற 'காப்' 1906-ல் எழுப்பிய மேடு. போயர் போரில், 1900-ல், லிவர்பூல் பகுதி ஆட்கள் பலர் செத்துப்போன தென்னாப்பிரிக்கக் குன்றின் பெயரைத் தாங்கியது. அதன் மூலையில் நிற்கிற கொடிக்கம்பம் 'கிரேட் ஈஸ்டர்ன்' என்ற பிரம்மாண்டக் கப்பலை உடைத்தபோது கிடைத்த பாய்மரத் துண்டு. இதையெல்லாம் பெயர்த்துக்கொண்டு போய் வேறு இடத்தில் நட முடியாது, சரிதானே? இன்னொரு கட்சி கணக்குப் பேசியது. ஓல்டு டிராஃபோர்டில் எழுபதாயிரத்துக்கு மேல் உட்காருகிறார்கள், ஆர்சனல் 2006-ல் ஹைபரியை விட்டு அறுபதாயிரம் பேர் கொள்ளும் இடத்துக்குப் போய்விட்டது, நாம் மட்டும் உணர்ச்சிவசப்பட்டு உட்கார்ந்திருந்தால் நல்ல ஆட்டக்காரர்களை வாங்கக் காசு எங்கிருந்து வரும் என்று.

இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு. என் குறை வேறு. இரண்டு கட்சியுமே மைதானத்தை ஒரு பொருளாகத்தான் பார்த்தன. ஒருவருக்கு அது நினைவுச் சின்னம், இன்னொருவருக்கு வருமானம் தரும் சொத்து. ஆன்ஃபீல்டின் வரலாறோ ஆரம்பத்திலிருந்தே யார் எவ்வளவு கொடுத்து உள்ளே இருப்பது என்ற சண்டையின் வரலாறு. 1884 முதல் இங்கே ஆடியது லிவர்பூல் அல்ல, எவர்டன். மைதானத்தைக் கட்டுப்படுத்திய மதுத் தொழிலதிபர் ஜான் ஹோல்டிங்குக்கும் எவர்டன் கிளப்புக்கும் வாடகைத் தகராறு முற்றியது. 1892-ல் எவர்டன் மூட்டை கட்டிக்கொண்டு ஸ்டான்லி பார்க்குக்கு அந்தப் பக்கம் குடிசன் பார்க்குக்குப் போனது. காலியான மைதானத்தில் ஆடுவதற்காக ஹோல்டிங் உண்டாக்கிய அணிதான் லிவர்பூல். வாடகைச் சண்டையில் பிறந்த கிளப் இது. பாரம்பரியம் பேசுபவர்கள் இந்தப் பாரம்பரியத்தையும் சேர்த்துப் பேசணும்.

அடுத்த பெரிய திருப்பம் 1989. ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ மைதானத்து நெரிசலில் 97 லிவர்பூல் ரசிகர்கள் உயிரிழந்தார்கள். அதை விசாரித்த நீதிபதி டெய்லர், பெரிய மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்று 1990-ல் பரிந்துரைத்தார். அந்தப் பரிந்துரையைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே அறிக்கையில் விலையைப் பற்றியும் அவர் பேசுகிறார். கிளாஸ்கோவின் இப்ராக்ஸ் மைதானத்தில் இருக்கை 6 பவுண்டு, நிற்க 4 பவுண்டு என்று உதாரணம் காட்டி, இருக்கை போட்டாலும் சாதாரண ஆட்களுக்குக் கட்டுப்படியாகும்படி விலை வைக்க முடியும் என்கிறார். கிளப்புகள் முதல் பாதியை நிறைவேற்றின, இரண்டாம் பாதியைக் காற்றில் விட்டன. இருபத்தெட்டாயிரம் பேர்வரை நின்ற காப்பில் 1994-க்குப் பிறகு சுமார் 12,000 பேர்தான் உட்கார முடிந்தது. இடம் குறைந்தது, விலை ஏறியது. 2016-ல் தொடங்கிய விஸ்தரிப்பை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் எடை போட முடியும்.

சரி, கட்டடத்துக்கு வருவோம். மெயின் ஸ்டாண்ட் மூன்று அடுக்கு. பழைய ஸ்டாண்டில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அதன் முதுகுக்குப் பின்னால் எலும்புக்கூடு மாதிரி எஃகுச் சட்டத்தை எழுப்பினார்கள். சீசன் முடிந்ததும் பழைய கூரையைக் கழற்றிவிட்டு இரண்டையும் இணைத்தார்கள். பார்வையை மறைக்கிற தூண்கள் இல்லை. நீளமான ஒரே உத்தரம் கூரையைத் தூக்கிப் பிடிக்கிறது. கீழ் அடுக்கு பழைய இடத்திலேயே இருப்பதால், ஆடுகளத்தை ஒட்டி உட்காருகிற அந்த நெருக்கம் போகவில்லை. புதுசாகக் கட்டிய பல ஸ்டேடியங்களில் இல்லாத குணம் இது. இங்கேயே தங்குவோம் என்றவர்கள் ஜெயித்த இடமும் இதுதான்.

குறையும் கண்ணுக்குத் தெரிகிறது. வெளியே நின்று பார்த்தால், இரண்டு மாடிச் செங்கல் வீடுகள் வரிசையாக நிற்கிற தெருக்கள் மேல் இந்த ஸ்டாண்ட் கப்பல் கரை தட்டிய மாதிரி ஏறி நிற்கிறது. உள்ளேயும் மற்ற மூன்று பக்கமும் இதன் முன்னால் குள்ளமாகிவிட்டன. இந்த ஸ்டாண்டின் பொருளாதாரம் விருந்தோடு சேர்த்து விற்கிற சொகுசு இருக்கைகளில் சாய்ந்து நிற்கிறது. அந்த இருக்கைகளில்தான் காசு, ஆனால் பாட்டும் கூச்சலும் காப்பிலிருந்துதான் வருகிறது. வி.ஐ.பி.க்கு விற்கிற சரக்கே அந்தக் கூச்சல்தான் என்பதை யோசித்தால், கூச்சல் போடுகிறவரிடமும் காசு வாங்குவது விநோதமான வியாபாரம்.

இந்த முரண்பாடு வெடித்த நாள் 2016 பிப்ரவரி 6. புது மெயின் ஸ்டாண்டில் அடுத்த சீசனுக்கு உச்ச டிக்கெட் விலை 77 பவுண்டு என்று கிளப் அறிவித்திருந்தது. அதுவரை 59. சண்டர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் லிவர்பூல் 2-0 என்று முன்னிலையில் இருந்தபோது, 77-வது நிமிடத்தில் ஆயிரக்கணக்கான பேர் எழுந்து வெளியே நடந்தார்கள். சுமார் பத்தாயிரம் பேர் என்று செய்திகள் சொல்லின. ஸ்பிரிட் ஆஃப் ஷாங்க்லி, ஸ்பையன் காப் 1906 ஆகிய ரசிகர் அமைப்புகள் கொடுத்த அழைப்பு அது. அவர்கள் போன பிறகு சண்டர்லாந்து இரண்டு கோல் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தது. நாலு நாளில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு 77 பவுண்டைக் கைவிட்டார்கள். உச்ச விலையை 59-லேயே நிறுத்திவைத்தார்கள்.

விஸ்தரிப்பு விவாதத்திலேயே உருப்படியான வாதம் இதுதான் என்பேன். ஜெயிக்கிற மேட்ச்சை விட்டு எழுந்துபோவது ரசிகனுக்குச் சும்மா இல்லை. அதைச் செய்ததன் மூலம், இருக்கையின் எண்ணிக்கையும் விலையும் தனித்தனி விஷயம் இல்லை என்று அவர்கள் சொன்னார்கள். ஆன்ஃபீல்டு ரோடு ஸ்டாண்டில் சேர்ந்த சுமார் 7,000 இருக்கைகளில் பெரும்பகுதி பொது டிக்கெட்டுக்கு ஒதுக்கப்பட்டது. அதற்கும் அந்த நடைக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று நான் நிரூபிக்க முடியாது. ஆனால் காலியான இருக்கைகளைப் பார்த்த எந்த உரிமையாளரும் அதைச் சீக்கிரம் மறக்க மாட்டார்.

இதோடு முடித்திருந்தால் ரசிகர்களுக்கு ஒரு சபாஷ் போட்டு எழுந்துவிடலாம். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு கணக்கு பாக்கி இருக்கு. இந்த மைதானம் ஒவ்வொரு முறை பெருத்தபோதும் பக்கத்துத் தெரு ஒன்று இளைத்திருக்கிறது. இன்று கென்னி டால்கிலிஷ் பெயரில் இருக்கிற ஸ்டாண்ட், முன்பு கெம்லின் ரோடு பக்கம். அதன் மேல் இரண்டாம் அடுக்கு போட கிளப் அந்தத் தெரு வீடுகளை வாங்கியது. வயதான சகோதரிகள் இருவர் மட்டும் விற்க மறுத்தார்கள். அக்கம்பக்கமெல்லாம் காலியான பிறகும் வருஷக்கணக்கில் அவர்கள் அசையவில்லை. 1990-ல் அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகுதான் 1992-ல் அந்த அடுக்கு திறந்தது.

மெயின் ஸ்டாண்டுக்குப் பின்னால் லோதேர் ரோடு. இங்கே 1990-களிலிருந்தே கிளப் வீடுகளை வாங்கிப் பூட்டிப் போட்டது, அதனால் தெருவே பாழடைந்தது, மிச்சமிருந்தவர்களின் வீட்டு மதிப்பும் சரிந்தது என்று குடியிருந்தவர்கள் புகார் சொன்னார்கள். 2013-ல் 'கார்டியன்' பத்திரிகை இதை விரிவாக வெளியிட்டது. பிறகு கவுன்சிலும் சேர்ந்து மிச்ச வீடுகளை வாங்கி இடித்தது. இன்று அந்தப் பக்கம் அகலமான நடைபாதை இருக்கிறது. ஹில்ஸ்பரோவில் இறந்தவர்களின் நினைவாக அதற்கு 97 அவென்யூ என்று பெயர். பொருத்தமான அஞ்சலிதான். ஆனால் லோதேர் ரோடில் இருந்தவர்களுக்காக யாரும் 77-வது நிமிடத்தில் எழுந்து நடக்கவில்லை.

அப்படியென்றால் எவர்டன் மாதிரி கிளம்பிப் போயிருக்கலாமா? வீடுகளும் ஒரு மூலையில் சர்ச்சும் நெருக்கியதால் குடிசனைப் பெரிசாக்க வழியில்லாமல், 2025-ல் ஆண்கள் அணி பிராம்லி-மூர் துறைக்குக் குடிபெயர்ந்தது. அங்கே விலை வேறு மாதிரி. பழைய கப்பல் துறை ஒன்று தூர்ந்தது. 2021-ல் யுனெஸ்கோ லிவர்பூலை உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து நீக்கியபோது சொன்ன காரணங்களில் இந்த ஸ்டேடியமும் ஒன்று. தங்கினாலும் போனாலும் செலவு உண்டு. அதை யார் தலையில் கட்டுவது என்பதுதான் கேள்வி.

ரசிகர்கள் சுவருக்கு வெளியே பார்க்கவே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 2015-ல் லிவர்பூல், எவர்டன் ரசிகர்கள் சேர்ந்து மேட்ச் நாட்களில் உணவு வங்கிக்குப் பொருள் திரட்டத் தொடங்கினார்கள். காப்புக்கு எதிரே, மூடிப்போன ஒரு பேக்கரியை அந்தப் பகுதி ஜனங்களே கூட்டுறவாக எடுத்து 'ஹோம்பேக்டு' என்று நடத்துகிறார்கள். மேட்ச்சுக்கு வருகிறவர்கள் அங்கே பை வாங்கக் க்யூ நிற்கிறார்கள். தெருவும் மைதானமும் எதிரெதிர்க் கட்சியாக இருந்தே ஆகணும் என்று விதி எதுவும் இல்லை என்பதற்கு இவை சாட்சி. விஸ்தரிப்புத் திட்டம் தீட்டியவர்கள் இங்கேயிருந்து தொடங்கியிருக்கலாம்.

நடுராத்திரியில் டிவி முன்னால் உட்கார்ந்து ஆன்ஃபீல்டைப் பார்க்கிற நமக்கு, 61,000 என்பது திரையில் ஒரு சிவப்புக் கடல். அதற்காகவே அந்த எண்ணைக் கொண்டாடுகிறோம். அடுத்த தடவை ஏதாவது ஒரு கிளப் இத்தனை ஆயிரம் இருக்கை சேர்க்கிறோம் என்று அறிவித்தால், எத்தனை என்பதோடு நிறுத்தாமல், அதில் மலிவான டிக்கெட் எத்தனை, பின்னால் இருக்கிற தெருவுக்கு என்ன பெயர் என்றும் கேட்டுப் பாருங்கள்.