மேற்பரப்பில் மிதந்தவள்

ஸ்கூபா கருவியை முதுகில் கட்டிக்கொண்டு வெப்பக்கடலின் பவளப்பாறைகளைப் பார்க்கப் போகும் பயணம் இன்று ஒரு சுற்றுலாப் பொருள். அந்தப் பயணத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த படம் 1956இல் வெளிவந்த ‘மௌன உலகம்’. ழாக் கூஸ்தோவும் லூயி மாலும் சேர்ந்து இயக்கியது. கான் விழாவின் தங்கப்பனை விருதும் ஆஸ்கர் விருதும் பெற்றது. நீல ஆழம், மேலெழும் குமிழிகள், வண்ண மீன்களுக்கு நடுவே நீந்தும் ஒரு ஆண் உடல் என்று நமக்கு இப்போது பழகிப்போன காட்சிகள் பலவற்றை வண்ணத்தில் பெருந்திரளான மக்களுக்குக் காட்டியது அந்தப் படம்.

இந்தப் படத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதன் அழகை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த அழகு எதையெல்லாம் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிட்டு உருவானது என்று கேட்காமல் இனி அதைப் பார்க்க முடியாது.

படத்தில் நடப்பதைச் சொல்கிறேன். ஒரு பவளப்பாறையில் எத்தனை வகை உயிர்கள் இருக்கின்றன என்று கணக்கெடுக்க அங்கே வெடி வைக்கிறார்கள். செத்து மிதக்கும் மீன்களைச் சேகரிக்கிறார்கள். அறிவியலுக்காக என்று விளக்கமும் தருகிறார்கள். கப்பலின் சுழல்விசிறியில் அடிபட்ட திமிங்கிலக் குட்டியைத் தின்ன வரும் சுறாக்களை மேல்தளத்துக்கு இழுத்துப் போட்டு, கோடரியால் வெட்டித் தள்ளுகிறார்கள். அக்காலம் அப்படி, பிற்காலத்தில் கூஸ்தோவே கடலைக் காக்கக் குரல் கொடுத்தார் என்பார்கள். உண்மைதான். என் கேள்வி அவருடைய நல்லெண்ணத்தைப் பற்றியது அல்ல. ‘நான் வந்தேன், கண்டேன், எடுத்தேன்’ என்று கடலைச் சொல்லும் கதைக்கு ஒரே ஒரு வகைக் கதாநாயகன்தான் பொருந்துவான். அந்தக் கதையில் மற்றவர்களுக்கு என்ன இடம் கிடைக்கிறது?

படத்தைப் பார்ப்பவருக்கு, கலிப்ஸோ என்ற அந்தக் கப்பல் ஆண்கள் மட்டுமே வாழும் வீடு என்றுதான் தோன்றும். ஆனால் அந்தக் கப்பலில் கூஸ்தோவைவிட அதிகக் காலம் வாழ்ந்தவர் அவருடைய மனைவி சிமோன். அவருடைய தந்தை ஏர் லிக்கீட் நிறுவனத்தில் உயர்பொறுப்பில் இருந்தவர். அந்த நிறுவனத்தின் பொறியாளர் எமில் காக்னானும் கூஸ்தோவும் சேர்ந்துதான் 1943இல் ‘அக்வாலங்’ என்ற மூச்சுக்கருவியை உருவாக்கினார்கள். கூஸ்தோ அதை அணிந்து முதன்முதலாகக் கடலுக்குள் இறங்கியபோது, சிமோன் முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயுமாக மேற்பரப்பில் மிதந்தபடி கீழே பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் கைகாட்டினால் உதவிக்கு ஆள் அனுப்ப வேண்டியது அவர் பொறுப்பு. இதைத் தம் நூலில் எழுதியிருப்பவர் கூஸ்தோவேதான்.

கப்பலுக்கு எரிபொருள் வாங்கக் குடும்ப நகைகளை விற்றார் சிமோன். திசைகாட்டிக்காகத் தன் உரோமக் கோட்டை விற்றார். ஆணின் தொழிலுக்குப் பெண்ணின் நகை முதலாவது நமக்குப் புதிய செய்தியா? நம் வீடுகளில் அடகுக்கடை ரசீதாக இருப்பது அங்கே கடலாய்வு வரலாறாக இருக்கிறது. மாலுமிகளுக்குத் தாயாகவும் செவிலியாகவும் இருந்த அவரை அவர்கள் ‘இடைச்சி’ என்ற பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லால் அழைத்தார்கள். மந்தையை மேய்ப்பவள்.

அவரே விளம்பரத்தை விரும்பவில்லை என்ற பதில் உடனே வரும். அவர் கேமராவை ஒதுக்கினார் என்பது சரி. அந்த விருப்பத்தை மதிப்போம். ஆனால் ஒரு பெண் தன் முகத்தைக் காட்ட விரும்பாதது வேறு. அவளுடைய உழைப்பே நடக்காததுபோல ஒரு கதையைக் கட்டுவது வேறு. எரிபொருள் எங்கிருந்து வந்தது என்று சொல்ல யாருடைய முகமும் தேவையில்லை.

சரி, முகம் காட்டிய பெண்ணுக்கு என்ன கிடைத்தது? வியன்னாவில் ஹான்ஸ் ஹாஸ் என்ற கடலாய்வாளரிடம் செயலாளராக இருந்தவர் லோட்டே. பெண்களை ஆய்வுப் பயணத்துக்கு அழைத்துச் செல்வதில்லை என்பது ஹாஸின் கொள்கை. லோட்டே அவருக்குத் தெரியாமல் கேமராவை எடுத்துப்போய் நீருக்கடியில் படம் பிடித்துத் தன் திறமையை மெய்ப்பித்தார். இருந்தும் கதவு திறந்தது அதனால் மட்டுமல்ல. படத்தில் ஒரு பெண் இருந்தால்தான் ஓடும் என்றது தயாரிப்புத் தரப்பு. 1951இல் வந்த ஹாஸின் செங்கடல் படத்தில் லோட்டே தோன்றினார். அவரும் அங்கே கேமராவோடுதான் போயிருந்தார். ஆனாலும் பத்திரிகைகள் கொண்டாடியது நீச்சலுடையில் இருந்த அழகியை. அவர் பிடித்த படங்களைவிட அவரைப் பிடித்த படங்களே புகழ்பெற்றன. பவளப்பாறை அவருக்குப் பின்னால் ஒரு திரைச்சீலை ஆனது.

ஆக, கேமரா பெண்ணுக்கு இரண்டு இடங்களை வைத்திருந்தது. லென்ஸுக்கு முன்னால் அலங்காரமாக, அல்லது கப்பலுக்குள் கண்ணில் படாத அடுப்படியாக. இருவரும் பல ஆண்டு கடலில் மூழ்கியவர்கள். கடலைப் பற்றி அவர்கள் அறிந்தது என்ன என்ற கேள்விக்கு மட்டும் இடமில்லை.

1970இல் கரீபியனின் செயின்ட் ஜான் தீவருகே, டெக்டைட் என்ற கடலடிக் கூடத்தில் சில்வியா ஏர்ல் தலைமையில் ஐந்து பெண்கள் இரண்டு வாரம் தங்கி ஆய்வு செய்தார்கள். பவளப்பாறை மீன்கள் கடற்தாவரங்களை எப்படி மேய்கின்றன என்று நாள் தவறாமல் கவனித்தார்கள். பத்திரிகைகள் அவர்களையும் ‘அக்வாபெல்ஸ்’, அதாவது நீரழகிகள், என்றே அழைத்தன. அவர்கள் வெளிவிட்ட மூச்சைக் குமிழியாக்காமல் மீண்டும் பயன்படுத்தும் கருவிகளை அணிந்திருந்தார்கள். இந்தத் தொழில்நுட்பச் செய்தி எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் பவளப்பாறை மௌனமான இடமே அல்ல. சொடுக்கு இறால்கள் ஓயாமல் வெடிக்கின்றன. கிளிமீன்கள் பவளத்தைச் சுரண்டும் ஒலி கேட்கிறது. குமிழிவிடும் கருவியோடு இறங்குகிறவர் காதில் தன் மூச்சின் இரைச்சல்தான் எல்லாவற்றையும் மீறி விழுகிறது. அப்படிப்பட்டவர் வைத்த பெயர்தான் ‘மௌன உலகம்’.

பெண்ணும் கடலும் ஒன்று, இருவரும் பொறுமையின் வடிவம் என்ற பழைய பாட்டை நான் பாடவில்லை. அது நம்மை மீண்டும் திரைச்சீலை ஆக்கும். ‘முதல் பெண்’ என்ற பட்டயங்களும் போதாது. நகையை விற்றவளையும் மேலே மிதந்து காத்தவளையும் சேர்த்தால், தனிமனிதச் சாகசம் என்ற கதையே நிற்காது. அதனால்தான் அவர்களைச் சேர்ப்பது அவசியம்.

சூடான் கடற்கரைக்கு அப்பால் ஷாப் ரூமி என்ற பவளத்திட்டில், 1963இல் கூஸ்தோ குழு கட்டிய கடலடிக் குடியிருப்பின் மிச்சங்கள் இன்னும் கிடக்கின்றன. இரும்பின்மேல் பவளம் படர்ந்திருக்கிறது. அதைப் பார்க்கப் போகும் ஸ்கூபா பயணிகளுக்குச் சொல்லப்படும் பெயர் கூஸ்தோ. அந்தக் குடியிருப்பில் சிமோனும் தங்கினார், தம் திருமண நாளை அங்கேதான் கழித்தார். லோட்டே கேமராவோடு இறங்கியதும் இதே கரையோரக் கடலில்தான். அந்த இடத்தைப் பற்றி அடுத்துப் படம் எடுக்கப்போகிற, கட்டுரை எழுதப்போகிற மாணவிகள் இந்த இரண்டு பெயர்களிலிருந்தும் தொடங்கலாம்.