டாங்கி காங் (வீட்டுப் பதிப்பு)

டாங்கி காங் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1981இல் வெளியிட்ட, காசு போட்டு ஆடும் வீடியோ கேம். வடிவமைத்தவர் ஷிகெரு மியாமொட்டோ. டிவியில் ஆடும் வீட்டுப் பதிப்பு, ஃபாமிகாம் கருவியுடன் 1983 ஜூலை 15 அன்று வெளிவந்தது.

மாற்றங்கள்

மூல விளையாட்டில் நான்கு கட்டங்கள் உண்டு. வீட்டுப் பதிப்பில், கன்வேயர் பெல்ட்டில் சிமெண்ட் தட்டுகள் நகரும் இரண்டாம் கட்டம் இல்லை. இடையில் வரும் கதைக்காட்சிகளும் இல்லை. கேசட்டின் மொத்தக் கொள்ளளவு 24 கிலோபைட். அதற்குள் அனைத்தையும் அடக்க முடியவில்லை. விடுபட்ட கட்டத்தை 2010இல் நின்டெண்டோவே இப்பதிப்பில் சேர்த்து வெளியிட்டது. தடையாக இருந்தது கருவியின் திறன் அல்ல, கேசட்டின் அளவு என்பதை இது காட்டுகிறது.

தமிழகத்தில்

1990களில் ஃபாமிகாமின் நகல் கருவிகள் லிட்டில் மாஸ்டர் போன்ற பெயர்களில் இந்தியாவில் விற்கப்பட்டன. வடசென்னையில் இத்தகைய மின்னணுப் பொருட்களுக்குப் பெயர்பெற்றது கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய பர்மா பஜார். எண்ணூர் நெட்டுக்குப்பம் வரையுள்ள கடலோரக் குப்பங்களுக்கு அது மின்சார ரயிலில் சென்றுவரும் தொலைவு. பல விளையாட்டுகள் அடங்கிய கேசட்டுகளின் அட்டையில் ‘9999’ என்று இருக்கும்; உள்ளே சில விளையாட்டுகளே திரும்பத் திரும்ப வரும். குறைந்த இடம் பிடிக்கும் பழைய விளையாட்டுகளே அவற்றை நிரப்பின. டாங்கி காங் அவற்றுள் ஒன்று.

மதிப்பீடு

வீட்டுப் பதிப்பை மூலத்தோடு ஒப்பிட்டு, விடுபட்டவற்றை எண்ணிக் குறை சொல்வது வழக்கம். அந்த அளவுகோல் மட்டும் போதாது. எதை விட்டது என்பதைவிட, விளையாட்டின் விதியைக் காத்ததா என்பதே முதற்கேள்வி. 1982இல் அட்டாரி 2600க்கு வந்த பேக்மேனில் பேய்கள் மினுக்கி மினுக்கி மறைந்தன. எதிரியைத் தெளிவாகப் பார்த்து விலகுவதே ஆட்டம் என்பதால் அந்தக் குறை ஆட்டத்தையே பாதித்தது. டாங்கி காங்கில் அப்படி நேரவில்லை. குதித்த பின் திசையை மாற்ற முடியாது. உருண்டு வரும் பீப்பாயைக் கணித்த பிறகே குதிக்க வேண்டும். இந்த விதி வீட்டுப் பதிப்பிலும் அப்படியே உள்ளது.

ஆயினும் இழப்பு இழப்பே. காலடியில் நகரும் பெல்ட்டை எதிர்த்து ஓடும் அனுபவம் மற்ற மூன்று கட்டங்களில் இல்லை. மூல இயந்திரத்தைப் பார்த்திராத சிறுவர்களுக்கு மூன்று கட்டங்களே முழு விளையாட்டு; ஒன்று விடுபட்டதை அறிய வழியில்லை. எந்தச் சிறிய அளவு அந்தக் கட்டத்தை வெட்ட வைத்ததோ, அதே சிறிய அளவுதான் இவ்விளையாட்டை மலிவான கேசட்டில் ஏற்றிக் குப்பத்து வீடுகள் வரை கொண்டுசேர்த்தது. இப்பதிப்பின் குறையையும் பயனையும் தனித்தனியே எடைபோட முடியாது.