இருட்டில் அரைமணி நேரம்

துத்தநாக ஆக்சைடு உலைக்குள் இருக்கும்போது மஞ்சளாக இருக்கும். வெளியே எடுத்து ஆறவிட்டால் வெள்ளைக்குத் திரும்பிவிடும். சூட்டில் கொஞ்சம் ஆக்சிஜன் பிரிந்து போய், ஆறும்போது மீண்டும் வந்து சேர்வதுதான் காரணம் என்று பாடநூல் சொல்லும். காரணம் தெரிந்த பிறகும் அந்த உலைக்கதவு திறக்கும் நேரம் பார்த்து ஆய்வகத்தில் போய் நிற்கிறவன் நான்.

செய்முறை என்னவோ எளிதுதான். துத்தநாக அசிட்டேட்டைத் தண்ணீரில் கரைத்து, காந்தக் கலக்கி சுழலச் சுழல, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மோர் போல வெளுத்து வீழ்படிவு வரும். கைதேர்ந்தவரை இங்கேயே அடையாளம் கண்டுவிடலாம். பியூரெட்டின் திருகை அவர் அவசரப்பட்டுத் திருப்ப மாட்டார். பிறகு கழுவல், மறுபடி கழுவல், சோடியம் போகும்வரை கழுவல். ஆய்வுக் கட்டுரையில் அரை வரிகூடப் பெறாத வேலை. கடைசியில் 400 டிகிரி செல்சியஸ் சூடு. கூடினால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பருத்து, பரப்பு குறைந்துவிடும். குறைந்தால் படிகம் சரியாக அமையாது. எக்ஸ்-கதிர் படத்தில் கோடுகள் ஒல்லியாக, நெட்டையாக நின்றால் எல்லாரும் மகிழ்வார்கள். ஆனால் அகன்று தாழ்ந்த கோடுதான் படிகம் சிறியது என்று சொல்லும். எனக்குப் பிடித்தது அதுதான்.

இந்தப் பொடியின் மேல் புற ஊதா ஒளி பட்டால் உள்ளே ஓர் எலக்ட்ரான் மேலே தாவும். அது விட்டுப்போன இடம் துளையாக நிற்கும். இரண்டும் மறுபடி சேர்ந்துகொள்வதற்குள் பரப்புக்கு வந்துவிட்டால் தண்ணீரையும் ஆக்சிஜனையும் தாக்கி, சாயத்தைக் கடித்துத் தின்னும் மூலக்கூறுகளைப் பிறப்பிக்கும். டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனையில் ஒளி பட்டால் தண்ணீர் பிளவுபடுவதை ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதியதிலிருந்துதான் உலகம் இதில் இறங்கியது. வெயிலில் காய்ந்த வெள்ளைப் பெயின்ட் சுண்ணாம்பு போலக் கையில் ஒட்டுவதிலும் இதே வேலைக்குப் பங்கு உண்டு.

பொடி சாயத்தை அழிக்கிறதா என்று பார்க்கும் சோதனையில்தான் உண்மையான ரசிகனுக்கு விருந்து. மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயத்தின் கரைசலில் பொடியைப் போட்டு, விளக்கை ஏற்றாமல், அரைமணி நேரம் இருட்டில் கலக்க வேண்டும். பொடியின் மேல் வெறுமனே ஒட்டிக்கொள்ளும் சாயம் எவ்வளவோ அவ்வளவும் ஒட்டி முடியட்டும் என்றுதான் இந்தக் காத்திருப்பு. இதைத் தவிர்த்தால் ஒட்டியதெல்லாம் அழிந்த கணக்கில் சேர்ந்துவிடும். வரைபடமும் அழகாக இருக்கும். பொடியே இல்லாத சாயத்தை அதே விளக்கின் கீழ் வைத்துப் பார்ப்பதும் அதே நாணயத்தின் பாற்பட்டது.

விளக்கு ஏறியபின் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கொஞ்சம் எடுத்து, சுழற்றித் தெளியவைத்து, நிறமாலைமானியில் அளப்பார்கள். 664 நானோமீட்டரில் நிற்கும் சாயத்தின் உறிஞ்சல் முகடு மெல்லத் தாழும். கண் இருப்பவர் அது தாழ்வதோடு இடப்பக்கம் நகர்கிறதா என்றும் பார்ப்பார். நகர்ந்தால், சாயம் தன் மெத்தில் கிளைகளை ஒவ்வொன்றாக இழக்கிறது என்று பொருள். மூலக்கூறின் நடுவுடல் இன்னும் உடையவில்லை.

இன்னொரு ஏமாற்றும் உண்டு. மெத்திலீன் புளூ எலக்ட்ரான் பெற்று ஒடுங்கினாலே நிறம் இழந்துவிடும். சாகவில்லை, சாயம் ஒளிந்திருக்கிறது. காற்றின் ஆக்சிஜன் பட்டதும் நீலமாக எழுந்து வரும். நல்ல கைக்காரர் அதனால்தான் பளிங்கு போலத் தெளிந்த கரைசலைக் கண்டதும் கொண்டாட மாட்டார். கண்ணாடிக் குழாயொன்றை அதில் இறக்கி, காற்றைக் குமிழ்குமிழாக விடுவார். பக்கத்தில் நிற்பவர்கள் யாரும் அப்போது பேசுவதில்லை.